நிமிடத்துக்கு நாற்பத்திரண்டு

சரவணா,

நலமா என்று கேட்டு இந்தக் கடிதத்தைத் தொடங்க எனக்கு மனம் வரவில்லை. நீ நலமா இல்லையா என்பதுதான் நமக்குள் நடக்கிற சண்டையே. அதனால் நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். உன் பஸ் முதலாளி வீட்டுக்குப் போய், உனக்கு மயக்கம் வருகிறது, உன்னிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள் என்று சொன்னது நான்தான். கண்டக்டர் பையன் போட்டுக் கொடுத்துவிட்டான் என்று நினைத்து அவன் சட்டையைப் பிடித்தாயாம். அவன் பாவம், வாயே திறக்கவில்லை. அவனிடம் போய் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேள். 'பெத்தவளே சோத்துல மண்ணள்ளிப் போட்டுட்டா' என்று நீ பேசித் திரிவதும் என் காதுக்கு வந்தது. பேசிக்கொள். போட்டது நிஜம்தான். நீ உயிரோடு இருந்து என்னைத் திட்டுவதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

நான் கூப்பிட்டால் போனை எடுக்க மாட்டேன் என்கிறாய். காலாப்பட்டில் சிநேகிதன் அறையில் போய் உட்கார்ந்துகொண்டிருக்கிறாய். நேரில் வந்தால் கதவைச் சாத்திக்கொள்வாய், உன் பிடிவாதம் எனக்குத் தெரியாதா, என்னிடமிருந்துதானே வந்தது. அதனால் எழுதுகிறேன். நித்யா கொண்டுவந்து தருவாள். கிழித்துப் போடுவதென்றால் படித்துவிட்டுக் கிழி. தையில் அவளைக் கட்டப் போகிறாய். அவளும் படிக்கட்டும் என்றுதான் உனக்குத் தெரிந்ததையும் சேர்த்து விளக்கமாக எழுதுகிறேன்.

மழை விட்ட அந்த மத்தியானத்தை உனக்குச் சொல்ல வேண்டும். உனக்குச் சொல்ல வேண்டும் என்பதே எனக்குப் பயமாக இருக்கிறது, ஏனென்றால் நீதான் அங்கே இருந்தாய். கடலூர் நடையை முடித்துவிட்டுச் சாப்பிட வந்தாய். கீழே உட்கார்ந்து சுவரில் சாய்ந்துகொண்டாய். நான் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தேன். போதும் என்று சொல்ல வாயைத் திறந்தவன் சொல்லவில்லை. கை சோற்றில் இருந்தபடியே நின்றது. கண் மேலே செருகிக்கொண்டது. தலை மெல்ல ஒரு பக்கமாகச் சாய்ந்தது. முகத்தில் ரத்தமே இல்லை, சுண்ணாம்பு அடித்த மாதிரி இருந்தது. கை பாட்டுக்கு ஊற்றிக்கொண்டே இருந்திருக்கிறது. ரசம் தட்டிலிருந்து வழிந்து தரையெல்லாம் ஓடியது. அதற்குள் நீ நிமிர்ந்து உட்கார்ந்து, "இன்னாம்மா, இவ்ளோ ஊத்திட்ட, கண்ணு தெரியலயா உனக்கு?" என்று என்னைத் திட்டினாய். உனக்கு நடந்தது உனக்கே தெரியவில்லை. துணியை எடுத்து நீயே தரையைத் துடைத்தாய்.

அதற்கு முன்னால் நீ சிரித்துக்கொண்டே சொன்ன ஒரு கதை அப்போதுதான் எனக்கு உறைத்தது. தவளக்குப்பம் சந்திப்பில் பச்சை விழுந்தும் வண்டியை எடுக்காமல் நின்றாயாம். பின்னால் இருந்தவர்கள் ஹாரன் அடித்துத் தீர்த்துவிட்டார்களாம். கண்டக்டர் வந்து தோளைத் தட்டினானாம். "உக்காந்துக்கிட்டே தூங்கிட்டேன் போலம்மா, நம்ம ரூட்டுல தூங்காம ஓட்டுனா ஓட்டுன மாதிரியே இருக்காது" என்று சொன்னாய். நானும் உன்னோடு சேர்ந்து சிரித்தேன். நின்ற வண்டி என்பதால் சிரித்தோம். அந்தக் கண் நோணாங்குப்பம் பாலத்தின் மேலே செருகியிருந்தால்? உன் பஸ்ஸில் யார் யார் வருகிறார்கள் என்று எனக்குத் தெரியும், நானும் அதே பஸ்ஸில் போய் வந்தவள்தானே. மீன் கூடையோடு ஏறுகிற பெண்கள், காலேஜ் பிள்ளைகள், மருமகளுக்கு வளைகாப்பு என்று வளையலும் பூவுமாக ஏறுகிற கும்பல். இரண்டு பக்கமும் தண்ணீர். நீ பாலம் ஏறுகிற நேரம் எனக்கு மனப்பாடம். அந்த நேரத்தில் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிடுவேன். நீ கடலூர் சேர்ந்திருப்பாய் என்று மனதுக்குப் பட்ட பிறகுதான் மறுபடி பற்றவைப்பேன். சோறு ஏன் குழைந்திருக்கிறது, ஏன் விறைத்திருக்கிறது என்று கேட்பாயே, இப்போது தெரிந்துகொள்.

உன் அப்பா விஷயத்துக்கு வருகிறேன். நீ அப்போது பிளஸ் டூ. பரீட்சை நேரம். ஹார்ட் அட்டாக் என்று ஒரு வார்த்தையில் உன்னிடம் சொல்லிவிட்டோம். ஊருக்கும் அதையே சொன்னோம். அது ஹார்ட் அட்டாக் இல்லை. அவர் எப்படிக் கிடந்தார் என்று உன்னிடம் இதுவரை யாரும் சொன்னதில்லை.

அவருக்கு மின்துறையில் வீடு வீடாகப் போய் மீட்டர் பார்க்கிற வேலை. ஆனால் அவர் உயிர் இருந்தது பெத்தாங் மைதானத்தில். நித்யாவுக்காகச் சொல்கிறேன்: இரும்புக் குண்டைச் சின்ன மரக்கட்டைக்குப் பக்கத்தில் போய் நிற்கிற மாதிரி வீச வேண்டும், இல்லையென்றால் எதிராளி குண்டை அடித்துத் தள்ள வேண்டும். வெள்ளைக்காரன் போன பிறகும் இந்த ஊரை விட்டுப் போகாத விளையாட்டு அது. அந்த மைதானத்தில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிற பெரியவர் ஒருவர் இருந்தார். எல்லோருக்கும் அவர் முசியே, பிரெஞ்சில் ஐயா என்கிற மாதிரி. ஆட்டம் இழுபறியாகிக் கடைசிக் குண்டை யார் போடுவது என்று தகராறு வந்தால், முசியே ஆட்டக்காரர்களை நிற்கவைத்து ஒவ்வொருவர் மணிக்கட்டையும் பிடித்து நாடி பார்ப்பார். யாருக்கு மெதுவாக அடிக்கிறதோ அவருக்குத்தான் கடைசிக் குண்டு. பதட்டம் இல்லாதவனுக்குக் கை தவறாது என்பது அவர்கள் கணக்கு. எப்போது பார்த்தாலும் அது உன் அப்பாதான். "டேய், உங்களுக்கெல்லாம் நாடி ஓடுது. இவனுக்கு மட்டும் பீச்சுல உலாத்துது" என்பாராம் முசியே. அதை வீட்டில் வந்து சொல்லும்போது உன் அப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. நானும் பூரித்துப்போய் அக்கம்பக்கமெல்லாம் சொன்னேன். அவருக்கு இருந்த வியாதிக்கு அத்தனை பேரும் கூடிக் கைதட்டியிருக்கிறோம் சரவணா. நடுவில் அவருக்கு அடிக்கடி தலை சுற்றும். வெயிலில் மீட்டர் பார்க்கப் போகிறவருக்குத் தலை சுற்றாதா என்று மோரைக் கலக்கிக் கொடுப்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் முடித்துக் கிளம்பியவர் சாப்பாட்டு நேரம் தாண்டியும் வரவில்லை. தேடிக்கொண்டு போனேன். பிராந்திக் கடைக்குப் பக்கத்துச் சந்தில், வேப்பமர நிழலில் படுத்திருந்தார். யாரோ ஒருக்களித்துப் படுக்கவைத்திருந்தார்கள். தலைக்கு அடியில் அவர் துண்டையே மடித்து வைத்திருந்தார்கள். செருப்பு இரண்டும் ஜோடியாகப் பக்கத்தில் இருந்தன. குண்டுப் பை பத்திரமாகச் சுவரோரம். சட்டைப் பையில் இருந்த பணம்கூட அப்படியே இருந்தது. அவ்வளவு ஒழுங்காகக் கிடந்ததால் எனக்கு முதலில் பயமே வரவில்லை. நம் ஊரில் இது ஒரு நல்ல பழக்கம் என்று நாமே சொல்லிக்கொள்வோம். குடித்துவிட்டு விழுந்தவனை நடுரோட்டில் விட மாட்டோம். நிழலுக்கு இழுத்து, வாந்தி எடுத்தால் மூச்சடைக்காதபடி ஒருக்களித்துப் போட்டு, தெளிந்ததும் எழுந்து போகட்டும் என்று விட்டுவிடுவோம். சனி ஞாயிறு வெளியூரிலிருந்து வந்து விழுகிறவர்கள் எத்தனை பேருக்கு உன் அப்பாவே அப்படிச் செய்திருக்கிறார். அன்றைக்கு அவருக்கும் அதே மரியாதை நடந்திருக்கிறது.

எதிரே டீக்கடை போட்டிருந்தவரைக் கேட்டேன். "ரொம்ப நேரமா தூங்குறாரும்மா. நாங்கதான் நாலு பேரு சேந்து ஓரமா படுக்க வச்சோம். கொஞ்சம் ஜாஸ்தியா போட்டுட்டாரு போல" என்றார் பரிவாக.

"அவரு குடிக்க மாட்டாருங்க" என்றேன்.

அவர் கையில் இருந்த டீ டம்ளர் அப்படியே நின்றது. அந்த மனிதர் முகம் போன போக்கை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. ஆட்டோவை நிறுத்தியது அவர்தான், உன் அப்பாவின் காலைப் பிடித்துத் தூக்கி ஏற்றியதும் அவர்தான். யார் மேலும் எனக்குக் கோபமில்லை. அங்கே கெட்டவர்கள் யாருமே இல்லை. அவர் தலைக்குத் துண்டை மடித்து வைத்த கை, கொஞ்சம் நகர்ந்து மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்திருந்தால் போதும். அதை நினைத்து நினைத்துத்தான் எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னார்: இதயம் துடிப்பதற்கு உள்ளே மின்சாரம் மாதிரி ஒரு தூண்டுதல் கிளம்ப வேண்டுமாம். உன் அப்பாவுக்கு அது சரியாகக் கிளம்பவில்லை. துடிப்பு குறைந்துகொண்டே வந்து, சில சமயம் நின்று நின்று அடித்திருக்கிறது. நிற்கிற அந்தச் சில நொடி மூளைக்கு ரத்தம் போகாது, ஆள் மயங்கி விழுவார். பிறகு தானாக ஓட ஆரம்பித்தால் எழுந்துவிடுவார், ஓடாவிட்டால் இல்லை. கழுத்தெலும்புக்குக் கீழே பேஸ்மேக்கர் என்று ஒரு சின்னப் பெட்டியை வைத்திருந்தால் இன்னும் எத்தனையோ வருஷம் குண்டு வீசிக்கொண்டிருப்பாராம். ஆனால் அவர் அந்த மரத்தடியில் கிடந்த நேரம் அதிகம். கண்ணைத் திறக்கவே இல்லை. அந்த வாரமே நம்மை விட்டுப் போனார். "நாடி இவ்ளோ கொறச்சலா இருக்கிறது யாருக்குமே தெரியலையாம்மா?" என்று டாக்டர் கேட்டார். ஊருக்கே தெரியும் டாக்டர் என்று நான் எப்படிச் சொல்வேன். பிள்ளைகள் இருந்தால் அவர்களையும் ஒரு தடவை பார்த்துவிடச் சொன்னார். உன்னைக் கூட்டிக்கொண்டு போனேன், ஈ.சி.ஜி. எடுத்தார்கள், நன்றாகத்தான் இருக்கிறது என்றார்கள். நீ அந்தக் காகிதத்தைத்தான் இத்தனை வருஷம் கழித்தும் என் முகத்தில் ஆட்டுகிறாய். அப்போது உனக்கு மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை.

அந்த வாரம் முழுக்க ஐ.சி.யூ. வாசலில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே விடுகிற கொஞ்ச நேரத்தில் அவர் தலைமாட்டில் இருந்த திரையைத்தான் பார்ப்பேன், அவர் முகத்தைப் பார்க்கத் தெம்பில்லை. அங்கிருந்த சிஸ்டர் ஒருவர் என் பயத்தைப் பார்த்து ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தார்: இது நாடி, இது மூச்சு, இது பிரஷர், இது ரத்தத்தில் இருக்கிற ஆக்சிஜன், இது சூடு. அன்றிலிருந்துதான் நான் இப்படி ஆனேன். பிரஷர் மெஷின் வாங்கினேன், கொரோனா சமயத்தில் விரலில் மாட்டுகிற கிளிப்பும் வாங்கினேன். நடமாடும் ஆஸ்பத்திரி என்று நீ கிண்டல் பண்ணுவாய். பால்காரர் மூச்சு வாங்கினால் அவர் நெஞ்சு எத்தனை தடவை ஏறி இறங்குகிறது என்று எண்ணுகிறவள்தான் நான். எனக்கு என்ன ஆசையா இதெல்லாம் பார்க்க? மனுஷன் உள்ளே நடப்பது வெளியே தெரிகிற இடங்கள் இவ்வளவுதான் என்று தெரிந்துபோன பிறகு பார்க்காமல் இருக்கப் பயமாக இருக்கிறது.

ரசம் ஊற்றிய அன்றைக்கு உன்னைப் பிடித்து உட்காரவைத்து பிரஷர் பார்த்தேன். நன்றாக இருந்தது. "பாத்தியா, பாஸ்" என்றாய். விரலில் கிளிப்பை மாட்டினேன். தொண்ணூற்றெட்டு என்று காட்டியதும், "இதுவும் பாஸ், விடும்மா" என்று எழுந்தாய். டிரைவருக்குக் கண் இவ்வளவு மோசமாகவா இருக்கும்? அது மேலே இருக்கிற நம்பர், ஆக்சிஜன். கீழே இன்னொரு நம்பர் இருந்தது. நாற்பத்திரண்டு. அதுதான் நாடி. ஒன்று நன்றாக இருந்தால் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம் இல்லை, கண்ணு. பிரஷர் நாடிக்கு ஜாமீன் நிற்காது, ஆக்சிஜனும் நிற்காது. நான் வகுப்பில் பிள்ளைகளிடம் சொல்வேனே, தமிழில் தொண்ணூறு வாங்கினால் கணக்கில் பெயிலானது இல்லையென்று ஆகிவிடுமா என்று. கிளிப்பை நம்பாமல் கையால் எண்ணினேன். நீயும் கற்றுக்கொள்: கட்டைவிரல் பக்கம், மணிக்கட்டுக்குக் கொஞ்சம் மேலே, இரண்டு விரலை மெதுவாக வைக்க வேண்டும். கட்டைவிரலால் பார்க்கக் கூடாது, அதிலேயே ஒரு துடிப்பு இருக்கிறது, உன்னுடையதையே எண்ணிக்கொண்டிருப்பாய். கால் நிமிடம் எண்ணி நாலால் பெருக்கவும் கூடாது. இடையில் எங்கே விட்டுப்போகிறது என்று தெரிய முழு நிமிடமும் பிடித்திருக்க வேண்டும். பிடித்திருந்தேன். அதே நாற்பத்திரண்டு.

நீ சிரித்தாய். "லைசென்ஸ் மெடிக்கல்லயும் இதேதாம்மா. 'ஸ்போர்ட்ஸ்மேனா தம்பி'ன்னு கேட்டாங்க. ஆமாங்கன்னேன்" என்றாய். அப்பாவின் வாயிலிருந்து வந்த அதே பெருமை. உனக்கு எந்த ஸ்போர்ட்ஸ் சாமி? பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டே நாலு பரோட்டா சாப்பிடுவதா? ஓடுகிறவர்களுக்கு, நீந்துகிறவர்களுக்கு நாடி மெதுவாக இருக்கும், அது பலம், வாஸ்தவம். ஆனால் அவர்களை மாடிப்படி ஏறவிட்டால் நாடியும் கூடவே ஏறும். அதனால்தான் உன்னைத் துணி எடுத்து வரச் சொல்லி மொட்டைமாடிக்கு மூன்று தடவை அனுப்பினேன். காய்ந்த துணி ஒன்றுகூட மேலே இல்லை. நீ திட்டிக்கொண்டே இறங்கி வந்ததும் கையைப் பிடித்தேன். உனக்கு மூச்சு வாங்குகிறது, முகமெல்லாம் வியர்வை, நாடி மட்டும் நாற்பத்தாறில் நிற்கிறது. நானும் ஒரு தடவை ஏறி இறங்கிப் பார்த்தேன். இந்த வயதில் எனக்கு நூற்றுப் பத்துக்கு எகிறியது. உடம்பு கேட்கிறது, இதயம் கொடுக்க மாட்டேன் என்கிறது. இதுதான் விஷயம். நான் டாக்டர் இல்லை, தப்பாகக்கூட இருக்கலாம். தப்பாக இருக்க வேண்டும் என்றுதான் எல்லா சாமியிடமும் வேண்டிக்கொண்டிருக்கிறேன்.

அதை யார் சொல்ல வேண்டும்? டாக்டர். அவரிடம் போகலாம் வா என்று எத்தனை தடவை கெஞ்சினேன். உடம்பில் ஒட்டி ஒரு நாள் முழுக்க மாட்டிவிடுகிற மெஷின் இருக்கிறதாம், நீ தூங்கும்போதும் நடக்கும்போதும் ஒவ்வொரு துடிப்பையும் அது பதிந்துகொள்ளுமாம். வலியில்லை, கத்தியில்லை. கல்யாணம் முடியட்டும் என்றாய். டிரைவருக்கு ஹார்ட்டில் கோளாறு என்று தெரிந்தால் எவன் வண்டி கொடுப்பான் என்றாய். வேலை இல்லாத மாப்பிள்ளைக்கு நித்யா வீட்டில் பெண் கொடுப்பார்களா என்று கேட்டாய். நீ கேட்டதில் தப்பே இல்லை. ஆனால் நீ வண்டி ஓட்டுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல்தான் செருப்பை மாட்டிக்கொண்டு உன் முதலாளி வீட்டுக்குப் போனேன்.

அவர் மரியாதையாக உட்காரச் சொன்னார். "டீச்சர், பையன் தங்கமா ஓட்டுறான். இதுவரைக்கும் ஒரு கம்ப்ளெய்ண்ட் இல்ல."

"அதாங்க எனக்குப் பயம். ஒரு கம்ப்ளெய்ண்ட் வந்தா அதுவே கடைசியா இருக்கும்" என்று நடந்ததையெல்லாம் சொன்னேன்.

அவர், "டாக்டர் ஓட்டலாம்னு எழுதித் தரட்டும், வண்டி அவனுக்குத்தான். ஓட்டக் கூடாதுன்னா ஷெட்டுல எதனா பாத்துக்கலாம். டெப்போ வேலைக்கும் ஆளு வேணும்மா" என்றார். இதை அவர் உன்னிடம் சொல்ல வாய்ப்பே கொடுக்காமல் சாவியை அவர் மேசையில் வீசிவிட்டு வந்தாயாம். ஒருவேளை டாக்டர் இனி பஸ்ஸே ஓட்டக் கூடாது என்று சொல்லிவிடலாம். அந்தப் பயம் உனக்கு மட்டும் இல்லை, எனக்கும் இருக்கிறது. ஸ்டியரிங்கைப் பிடித்தால் உன் முகம் எப்படி இருக்கும் என்று பார்த்தவள் நான். எட்டு வயதில் சாப்பாட்டுத் தட்டை வைத்துக்கொண்டு ஸ்டியரிங் சுற்றினவன் நீ. அதைப் பிடுங்குகிறவள் நானாகத்தான் இருக்க வேண்டுமா என்று அழுதுவிட்டுத்தான் போனேன். அழாமல் போனேன் என்று நினைக்காதே.

நித்யாவிடம் நானாகப் போய் ஒன்றும் சொல்லவில்லை, சத்தியமாக. முந்தாநாள் சாயங்காலம் வேலை முடித்துவிட்டு அவளே வந்தாள். "அத்தை, அவரு ஏன் திடீர்னு பஸ்ஸ மாத்துறாரு? கேட்டா எரிஞ்சு வுழறாரு" என்றாள். அப்போதுதான் எனக்கே தெரிந்தது, நீ வேறு ஒரு கம்பெனியில் பேசி, திங்கட்கிழமையிலிருந்து சென்னை வண்டி ஏறப் போகிறாய் என்று. ஈ.சி.ஆர். ரோடு. கடலூர் ரோட்டிலாவது ஸ்டாப்பிங்குக்கு ஸ்டாப்பிங் நிற்க வேண்டும். அங்கே காலாப்பட்டு தாண்டினால் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்கவே வேண்டாம், அழுத்திக்கொண்டே போகலாம். பிறகு அந்தப் பெண்ணிடம் எப்படி மறைப்பது? சொல்லிவிட்டேன். உன் அப்பா கிடந்தது முதல் மொட்டைமாடி வரைக்கும் சொன்னேன்.

அவள் அழுவாள், எழுந்து போய்விடுவாள், அவள் வீட்டிலிருந்து போன் வரும் என்று பயந்துகொண்டே சொன்னேன். அவள் சொன்னது வேறு: "அத்தை, போன மாசம் பீச்சுல கல்லு மேல உக்காந்து பேசிக்கிட்டு இருந்தோம். திடீர்னு கண்ணு மேல போச்சு, என் தோள்ல சாஞ்சிட்டாரு. நான் வெளாட்டுக்குப் பண்றாருன்னு கன்னத்துல தட்டுனேன். எழுந்து, 'ஏன் அடிக்கிற'ன்னாரு. அப்புறம் ரெண்டு பேரும் சிரிச்சோம் அத்தை." இதைச் சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். நானும் சிரித்தேன், அவளும் சிரித்திருக்கிறாள். உன்னைச் சுற்றி இருக்கிறவர்கள் எல்லோரும் சிரித்துக்கொண்டேதான் உன்னைப் பறிகொடுப்போம் போலிருக்கிறது. அவள் வீட்டில் அவளே சொல்லிக்கொள்வாளாம். "கல்யாணத்த தள்ளி வச்சா வச்சிட்டுப் போறாங்க அத்தை, ஆளு இருந்தாதான கல்யாணம்" என்றாள். இந்தப் பெண்ணுக்காகவா நீ பயந்து மறைத்தாய்?

இப்போது நான் சொல்வதைக் கோபப்படாமல் கேள். திங்கட்கிழமை காலையில் ஆஸ்பத்திரியில் இதய டாக்டர் வருகிறார். சீட்டு போட்டு வைத்திருக்கிறேன். நீ வந்தால் அந்த மெஷினை மாட்டி அனுப்புவார்கள், ஒரு நாளில் தெரிந்துவிடும். ஒன்றும் இல்லையென்று வந்தால் உன் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்கிறேன், ஊரைக் கூட்டிக் கேட்கச் சொன்னாலும் கேட்கிறேன். ஏதாவது இருக்கிறது என்று வந்தால், உன் அப்பாவுக்குக் கிடைக்காதது உனக்குக் கிடைக்கும். உன்னைக் கட்டி இழுத்துக்கொண்டு போக எனக்குத் தெம்பில்லை. புது முதலாளியிடம் போய்ச் சொல்லலாம்தான். சொன்னால் நீ விழுப்புரம் வண்டிக்குப் போவாய், அங்கேயும் சொன்னால் லாரிக்குப் போவாய். உன் பின்னாலேயே எத்தனை வாசல் ஏறி இறங்குவேன்? அதனால் அது வேண்டாம் என்று முடிவு பண்ணிவிட்டேன்.

உனக்கு ஒன்றும் இல்லை என்று நீ நிஜமாகவே நம்பினால், திங்கட்கிழமை வண்டியை எடு. முதல் நடைக்கு நானும் சென்னைக்கு வருகிறேன். திரும்பி வரும்போதும் அதே வண்டியில் வருவேன், மறுநாளும் வருவேன். டிரைவருக்கு நேர் பின்னால் இருக்கிற சீட்டு எனக்கு. பக்கத்துச் சீட்டில் நித்யா உட்காருகிறாளாம். வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன், கேட்கவில்லை.

அம்மா